கணவனுக்கு மட்டும் மருந்து போதுமா?

விருத்தாசலத்துக்கு ஒரு பழங்கதை உண்டு.

சுந்தரர் இந்த ஊருக்கு வந்தார். அந்த நாளில் இதன் பெயர் திருமுதுகுன்றம். பழமலைநாதரைப் பாடிப் பொன் பெற்றார். பொன் முழுவதையும் மணிமுத்தாற்றில் போட்டார். பிறகு திருவாரூருக்குப் போனார். கமலாலயக் குளத்தில் இறங்கி அந்தப் பொன்னை எடுத்தார். "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது" என்ற பேச்சு இந்தக் கதையை ஒட்டியதுதான்.

சுந்தரருக்குப் பொன் கிடைத்தது. அது இறைவன் திருவிளையாடல். மற்றவர்கள் ஆற்றில் போட்டதை ஆற்றில்தான் தேட வேண்டும்.

குடிநோய்க்கு நடக்கும் வைத்தியத்தைப் பார்த்தால் இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. குடி கெடுப்பது வீட்டை. வைத்தியம் நடப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில். கணவன் உள்ளே படுத்திருக்கிறான். மனைவி கையில் தூக்குச் சட்டியோடு வாசலில் நிற்கிறாள். பல இடங்களில் அவளை உள்ளே கூப்பிட்டு, "நீயும் உட்கார் அம்மா" என்று சொல்வார் இல்லை.

இது மாற வேண்டும்.

பத்தாம் நாள் என்ன நடக்கிறது?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். பீங்கான் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. பீங்கான் தொழிலைச் சொல்லிக் கொடுக்க அரசுக் கல்விக்கூடமும் இருக்கிறது. மண் பிசைபவர், அச்சில் வார்ப்பவர், சூளையில் அடுக்குபவர் என்று பல பேர் இந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கிறார்கள்.

அப்படி ஒரு சூளைத் தொழிலாளியை எடுத்துக் கொள்வோம். அவருக்கு மனைவி இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். சனிக்கிழமை கூலி வாங்குகிறார். கூலி வீட்டுக்கு வருவதற்குள் பாதி கரைந்து விடுகிறது. வருஷங்கள் இப்படியே போகின்றன. ஒரு நாள் ரத்த வாந்தி எடுக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பத்து நாள் மருந்து கொடுக்கிறார்கள். கை நடுக்கம் நிற்கிறது. பசி எடுக்கிறது. முகம் தெளிகிறது. "இனிமேல் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு வீடு திரும்புகிறார்.

வீட்டில் என்ன நடக்கிறது?

மனைவிக்கு நம்பிக்கை இல்லை. எத்தனை சத்தியம் பார்த்தவள் அவள்! அவர் வாசலில் கால் வைத்ததும் மூக்கைக் கூர்மையாக்குகிறாள். சட்டைப் பையைத் துழாவுகிறாள். கால் மணி நேரம் தாமதித்தால் பிள்ளையை அனுப்பித் தேடச் சொல்கிறாள். அவள் மேல் குற்றம் இல்லை. பட்ட பாடு அப்படி.

கணவனுக்கோ கோபம் வருகிறது. "ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அப்போதும் திருடனைப் போலத்தானே பார்க்கிறாய்?" என்கிறார். அவள் பழைய கணக்கை எடுக்கிறாள். அடகு வைத்த தோடு, நின்றுபோன படிப்பு, தங்கை கல்யாணத்தில் பட்ட அவமானம் எல்லாம் வெளியே வருகின்றன. வார்த்தை தடிக்கிறது. "இந்தப் பேச்சைக் கேட்பதற்குக் குடித்தே தொலைக்கலாம்" என்று அவர் வெளியே போகிறார்.

அன்று இரவு மீண்டும் குடி.

மருந்து தோற்றதா? இல்லை. மருந்து உடம்பில் இருந்த விஷத்தை இறக்கியது. இரண்டு பேருக்கு நடுவில் இருந்த விஷத்தை இறக்க யாரும் இல்லை.

இது நோய்தான்

குடிப்பழக்கம் முற்றினால் அது நோய். அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956-ஆம் ஆண்டிலேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் மதுவால் வரும் மனப்பாதிப்பை மனநோய் வரிசையில் சேர்த்திருக்கிறது.

நோயின் அளவு சிறியதல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2019-இல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் செய்துகொள்பவர் 180 பேருக்கு ஒருவர்தான்.

இந்த எண்கள் குடிப்பவரை மட்டும் எண்ணுகின்றன. ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. தூங்காத மனைவி, பயந்து போர்வைக்குள் ஒளியும் குழந்தை, கடன்காரனுக்குப் பொய் சொல்லும் தாய். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இருவரையும் உட்கார வைக்கும் வைத்தியம்

கணவன், மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் குடிநோயைப் போக்கும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டிமதி ஓ'பேரல் என்ற உளவியல் அறிஞரும் அவரைப் போன்றவர்களும் பல ஆண்டுகள் உழைத்து இதை வகுத்தார்கள். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. படிப்பறிவு இல்லாதவர்களும் செய்யலாம்.

முதல் வேலை டாக்டருடையது. பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும். வலிப்பு வரலாம். புத்தி தடுமாறிப் பிதற்றலாம். உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். ஆகையால் டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதற்கு மருந்துகள் இருக்கின்றன.

உடம்பு தெளிந்த பிறகு இருவரும் வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் வருகிறார்கள். ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். சுமார் மூன்று மாதம் இப்படி நடக்கும். சிலருக்கு இன்னும் சில வாரம் கூடும்.

வீட்டில் அவர்கள் தினமும் ஒரு சின்ன காரியம் செய்ய வேண்டும். காலை காப்பி நேரமோ, இரவுச் சாப்பாட்டு நேரமோ, ஒரு நேரத்தைக் குறித்துக் கொள்கிறார்கள். அந்த நேரத்தில் எதிரெதிரே உட்காருகிறார்கள்.

கணவன் சொல்கிறார்: "நேற்று நான் குடிக்கவில்லை. இன்றும் குடிக்க மாட்டேன். நீ துணையாக இருந்ததற்குச் சந்தோஷம்."

மனைவி சொல்கிறாள்: "நேற்றுக் குடிக்காமல் இருந்தீங்க. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இன்றைக்கு நான் ஏதாவது செய்யணுமா, சொல்லுங்க."

டாக்டர் மருந்து கொடுத்திருந்தால் மனைவியின் முன்னால் கணவன் அதை விழுங்குகிறார். காலண்டரில் ஒரு கோடு போடுகிறார்கள். அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்.

"ஒரு நாளைக்கு மட்டும்" என்பதுதான் இதில் சூட்சுமம். ஆயுசு முழுவதற்கும் சத்தியம் செய்வது எளிது, காப்பாற்றுவது கடினம். ஒரு நாளைக் காப்பாற்றலாம். காலண்டரில் முப்பது கோடு விழுந்தால் ஒரு மாதம் தாண்டிவிட்டது என்று பொருள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வீட்டில் பழைய குடிக் கதையைப் பேசக் கூடாது. நாளைக்குக் குடிப்பாரோ என்ற பயத்தையும் சண்டையாக்கக் கூடாது. மனத்தில் உள்ளதை எல்லாம் வாரம் ஒரு நாள் ஆலோசகர் முன்னால் கொட்டலாம். அங்கே அழலாம். அங்கே கோபப்படலாம். அதற்குத்தான் அந்த அறை. வீட்டு அடுப்படி அதற்கல்ல.

பிறகு நல்லதைப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக் கொடுக்கிறார்கள். கணவன் செய்த நல்ல காரியம் ஒன்றை மனைவி தினமும் சொல்ல வேண்டும். மனைவி செய்த நல்ல காரியம் ஒன்றைக் கணவன் சொல்ல வேண்டும். குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தாரா? அதைச் சொல்லலாம். சூடாக ரசம் வைத்தாளா? அதைச் சொல்லலாம். வாரம் ஒரு முறை குழந்தைகளோடு கோயிலுக்கோ சந்தைக்கோ போய்வர வேண்டும். குடித்துக் கழித்த நேரத்தை வேறு எதனாலாவது நிரப்ப வேண்டும் அல்லவா?

கடைசியில், தவறி விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். யாருக்குச் சொல்வது? எந்த டாக்டரிடம் போவது? ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்கக் கூடாது. சைக்கிள் பழகுகிறவன் விழாமல் பழகுவதில்லை.

பலன் உண்டா?

உண்டு. 2008-ஆம் ஆண்டில் 12 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து நிபுணர்கள் எடை போட்டார்கள். குடிப்பவருக்கு மட்டும் வைத்தியம் செய்வதைவிட, தம்பதியருக்குச் சேர்த்துச் செய்த வைத்தியம் மேலானது என்று தெரிந்தது.

அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வைத்தியம் முடிந்தவுடன் முதலில் தெரிந்த பலன் வீட்டின் ஒற்றுமைதான். குடி விஷயத்தில் வித்தியாசம் மாதங்கள் போன பிறகு தெளிவாகத் தெரிந்தது. முதலில் வீடு திருந்தியது. திருந்திய வீடு, மனிதனைப் பிடித்து நிறுத்தியது.

பிரிட்டனில் 2011-இல் அரசு நிபுணர் குழு வகுத்த விதிகளிலும் இந்த முறை இடம் பெற்றிருக்கிறது. துணைவி அல்லது துணைவர் சம்மதித்தால், வாரம் ஒரு மணி நேரம் வீதம் 12 வாரம் நடத்தலாம் என்கிறது அந்தக் குழு.

நமக்குப் புதிதல்ல

"இது வெள்ளைக்காரன் வைத்தியம். நம் ஊருக்கு ஒத்து வருமா?" என்று சிலர் கேட்கலாம்.

குடும்பத்தோடு வைத்தியம் என்பதை உலகுக்கே செய்து காட்டிய நாடு இந்தியா. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் இருந்தார். நோயாளியைத் தனியே பூட்டி வைப்பதற்குப் பதிலாக, உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் சொன்னார். நோயாளிகள் விரைவில் தேறினார்கள். நம் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு 1957-இல் தொடங்கியது. அங்கேயும் நோயாளியோடு குடும்பத்தார் தங்கும் வழக்கம் வந்தது.

குடிநோய்க்கென்றே சென்னையில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அது பிறந்த கதை உருக்கமானது. சாந்தி ரங்கநாதனின் கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-இல் மறைந்தார். பெரிய தொழில் குடும்பம். பணத்துக்குக் குறைவில்லை. இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த இளம் மனைவி மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றார். 1980-இல் கணவர் பெயரிலேயே ஓர் அறநிலையம் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டும் வைத்தியம் இல்லை. மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனிப் பயிற்சி உண்டு. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தி வைத்தியம் செய்தார்கள். 1992-இல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஒரு மனைவி பட்ட துன்பம் பல ஆயிரம் மனைவிமாருக்கு வழியாயிற்று. குடும்பத்தைச் சேர்க்காத வைத்தியம் அரை வைத்தியம் என்பதை அனுபவத்தால் அறிந்தவர் அவர்.

பழி அவள் தலையிலா?

இங்கே ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. "குடித்தது அவன். கெடுத்தது அவன். அவளும் வந்து வைத்தியத்துக்கு உட்கார வேண்டுமா? தப்பு அவள் மேலும் இருக்கிறது என்று சொல்வது போல் ஆகாதா?"

ஆகக் கூடாது. இதை ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மனைவி குடிக்கக் காரணம் அல்ல. "அவள் நச்சரித்தாள், அதனால் குடித்தேன்" என்பது சாக்கு. குடிப்பதும் நிறுத்துவதும் அவன் பொறுப்பு. அவளை அழைப்பது குற்றவாளியாக அல்ல. அவளுக்கும் காயம் பட்டிருக்கிறது. அந்தக் காயத்துக்கும் மருந்து வேண்டும் என்பதற்காகவே அழைக்கிறார்கள்.

கணவன் வர மறுத்தால் மனைவி மட்டும் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அல்-அனான்' என்ற அமைப்பு இன்று பல நாடுகளில் இருக்கிறது. இந்தியாவிலும் இருக்கிறது. ஒருத்தி கதையை மற்றொருத்தி கேட்கிறாள். "நான் மட்டும் இல்லை" என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும்.

எல்லா வீட்டுக்கும் இந்த வைத்தியம் பொருந்தும் என்று சொல்லவும் கூடாது. கணவன் கொடுமையாக அடிக்கிறான், மனைவி உயிருக்குப் பயந்து வாழ்கிறாள் என்றால், அவளை அவன் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்வது ஆபத்து. அங்கே சொன்ன வார்த்தைக்கு வீட்டில் அடி விழும். முதலில் அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் துணை நிற்கிறது. 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். எத்தனை அடித்தாலும் பொறுத்துப்போ என்று எந்தப் பெண்ணுக்கும் புத்தி சொல்லக் கூடாது.

திருட்டு மருந்து வேண்டாம்

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள். குடியை மறந்துவிடுவார்" என்று விளம்பரங்கள் வருகின்றன. பாவம், பல தாய்மார்கள் கடன் வாங்கி அதை வாங்குகிறார்கள்.

இது பெரிய ஆபத்து. குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் டைசல்பிராம் என்பது ஒன்று. டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1948-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இதைச் சாப்பிட்டவர் மது குடித்தால், மது உடம்பில் விஷமாகித் தேங்கும். முகம் சிவக்கும். நெஞ்சு படபடக்கும். வாந்தி வரும். ரத்த அழுத்தம் இறங்கும். சிலருக்கு உயிரே போகலாம். தெரிந்து சாப்பிடுகிறவர் மதுவைத் தொடப் பயப்படுவார். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம் போலக் குடிப்பார். என்ன ஆகும்?

அது மட்டுமல்ல. ஒரு நாள் குட்டு வெளிப்படும். அப்போது இருவருக்கும் நடுவில் மிச்சம் இருந்த நம்பிக்கையும் போய்விடும். இரண்டு பேரும் அறிந்து, இரண்டு பேரும் சம்மதித்து, மனைவி முன்னால் கணவன் கையால் விழுங்குவதே முறை.

அரசு என்ன செய்ய வேண்டும்?

1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்ந்தது. இடையில் வந்தது, மீண்டும் போனது. 2003-ஆம் ஆண்டு முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே கடை வைத்து விற்கிறது. கடை வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். 2024 ஜூன் மாதம் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடை சாராயம் ஆனாலும், கள்ளச் சாராயம் ஆனாலும், தாலி இழப்பவள் ஒருத்தி இருக்கிறாள்.

விற்கும் கைக்கு மீட்கும் கடமையும் உண்டு. 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு திறந்தது. நல்ல காரியம். அந்த விளக்கின் வெளிச்சம் வீடு வரை வர வேண்டும். அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை.

மீட்பு மையத்தில் சேருகிறவரிடம் முதல் நாளே, "உங்கள் வீட்டாரும் வரலாமா?" என்று கேட்க வேண்டும். விருத்தாசலம் போன்ற தாலுகா ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் தம்பதியர் ஆலோசனை நடத்த வேண்டும். பன்னிரண்டு வாரம் தொடர்ந்து தூர ஊருக்குப் போய்வர ஒரு கூலித் தொழிலாளியால் முடியாது. பஸ் கட்டணம் ஒரு பக்கம், போகும் கூலி ஒரு பக்கம். ஆகையால் ஆலோசனையை மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைக்க வேண்டும். பெண்கள் மனம் விட்டுப் பேசப் பெண் ஆலோசகர் வேண்டும். கல்யாணம் ஆகாதவருக்குத் தாயோ அக்காளோ உடன் வரலாம். குடிப்பவள் மனைவியாக இருந்தால் கணவன் வந்து உட்காரட்டும்.

தொழில் முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. வைத்தியத்துக்குப் போகும் தொழிலாளிக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்தால், நல்ல கைத்திறன் கொண்ட ஒருவரை இழக்காமல் இருக்கலாம்.

வீட்டார் இன்றைக்கே செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. 14446 என்பது குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள வழி சொல்லும் தேசிய உதவி எண். 14416 மனநல ஆலோசனை எண். கட்டணம் கிடையாது. கணவன் பேசத் தயங்கினால் மனைவி பேசலாம்.

ஒட்டு நிற்க வேண்டுமானால்

பீங்கான் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவது விருத்தாசலத்துத் தொழிலாளிக்குத் தெரிந்த வேலை. கோப்பையும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒன்று காய்ந்து, மற்றது ஈரமாக இருந்தால் ஒட்டு நிற்காது. காயும்போதோ, சூளையில் வேகும்போதோ விரிசல் விடும்.

கணவன் மட்டும் ஆஸ்பத்திரியில் தெளிந்து வருகிறார். மனைவி பழைய பயத்திலேயே இருக்கிறாள். ஒட்டு எப்படி நிற்கும்? இருவரும் ஒன்றாகத் தெளிய வேண்டும்.

சுந்தரர் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை அவர் கொண்டு சேர்த்தது மனைவி பரவையாரிடம். பிற்காலத்தில் அதே பரவையார் கோபித்துக்கொண்டு கதவை அடைத்தார். அப்போது திருவாரூர்த் தெருவில் இரவில் நடந்து போய்ச் சமாதானம் பேசியவர் சிவபெருமான்! ஒரு முறை போய்த் தோற்றார். மறுமுறையும் போனார்.

கணவன் மனைவிக்கு நடுவில் நின்று பேச ஆண்டவனே தூது போனான் என்று நம்புகிற நாடு இது. குடியால் பிரிந்து நிற்கும் இருவருக்கு நடுவில் பேச, தாலுகாவுக்கு ஓர் ஆலோசகரை அனுப்ப அரசால் முடியாதா?

ஆஸ்பத்திரி வாசலில் தூக்குச் சட்டியோடு நிற்கும் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடுங்கள். அவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.